மேனேஜரால் வரும் மன அழுத்தம்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன் திரையில் மேனேஜரின் பெயர் தெரிந்தாலே வயிற்றைப் பிசைகிறதா? விடுமுறை முடிகிற மாலையிலேயே மறுநாள் காலையை நினைத்து நெஞ்சு கனக்கிறதா? வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் வேலையில் எனக்கும் இது நடந்தது.

என் மேனேஜர் அனுப்பும் செய்தி ஒரே வார்த்தை: "வாங்க." எதற்கு என்று இருக்காது. என் இருக்கையிலிருந்து அவர் அறைக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியைக் கடப்பதற்குள் போன வாரம் முழுக்கச் செய்த வேலையை மனதில் புரட்டி, எதில் தப்பு விட்டோம் என்று தேடி முடித்திருப்பேன். கதவைத் தள்ளும்போது கை சில்லிட்டிருக்கும். பாதி நாள் அவர் கேட்டது ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். மீதி நாள் திட்டு. எது என்று முன்கூட்டித் தெரியாததுதான் என்னை அதிகம் அரித்தது.

இதை உங்கள் மனத்தின் பலவீனம் என்று எண்ண வேண்டாம். ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்ததும் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிவிட்டது. ஆனால் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து "சரி சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எப்போதாவது ஒரு நாள் என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். தினமும் என்றால் தூக்கம் கெடும், தலை வலிக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் அழுத்தம் மிக மோசமாகிறது. 1985இல் லண்டனில் தொடங்கி, 10,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்விலும் இதே இழை உண்டு: தன் வேலைமீது பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கடினமான மேனேஜர் உங்களிடமிருந்து முதலில் பறிப்பது அந்தப் பிடியைத்தான். அதனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும், இழந்த பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குவதற்கானது. அவரை மாற்றும் முயற்சியில் இறங்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

முதல் படி: அந்த நிமிடத்தைக் கடப்பது

திட்டு விழும்போது மூளை சரியாக யோசிக்காது. அந்த நேரத்தில் தரும் விளக்கம் சாக்குப்போக்காகவே கேட்கும், எதிர்ப்பேச்சு சண்டையாகும். அதனால் அந்த நிமிடத்தில் உங்களுக்கு இரண்டே வேலைகள்தான்.

ஒன்று, மூச்சு. நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமலே இதைச் செய்யலாம். ஐந்தாறு மூச்சு போதும்.

இரண்டாவது, முன்பே தயார் செய்து வைத்த ஒரு வாக்கியம். "புரிகிறது சார், நான் சரிபார்த்துவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் புதிய வார்த்தைகள் வராது, பழகியதுதான் வரும். இதில் நீங்கள் தப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. யோசிக்க நேரம் மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். சொன்ன நேரத்துக்குள் கட்டாயம் பதில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை இது பலிக்காது.

மெயிலில் திட்டு வந்தால் உடனே பதில் எழுத விரல் துடிக்கும். எழுதுங்கள், ஆனால் பெறுநர் முகவரியைப் போடாமல் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் பாதி வரிகளை நீங்களே அழிப்பீர்கள்.

இரண்டாம் படி: ஒரு நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சின்ன நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள், எந்த வேலையைப் பற்றி, நான் என்ன செய்தேன். அவ்வளவுதான்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும்: நடந்தது வேறு, அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் வேறு. "எல்லார் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்தினார்" என்று எழுதினால் அது உங்கள் மனநிலை. "காலை 11.20, டீம் மீட்டிங், ஆறு பேர் இருந்தார்கள். 'இதுகூடத் தெரியாதா, எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்' என்றார். நேற்று அனுப்பிய அறிக்கையில் ஒரு கூட்டல் தவறு பற்றி" என்று எழுதினால் அது நடந்த விஷயம். முதலாவதைப் படித்தால் காயம் மறுபடி திறக்கும். இரண்டாவதை வைத்து யோசிக்க முடியும், நாளைக்கு யாரிடமாவது காட்டவும் முடியும்.

மூன்றாவது வாரம் என் நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கடுமையான திட்டுகள் முக்கால்வாசி இரண்டு நாட்களில்தான் விழுந்திருந்தன. அவர் தன் மேலதிகாரிக்கு மாத அறிக்கை தர வேண்டிய நாளும் அதற்கு முந்தைய நாளும். அவருக்கு மேலே இருந்த பயம் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அது அவர் பேச்சை நியாயப்படுத்தாது. ஆனால் "எனக்கு எதுவுமே தெரியவில்லை போலிருக்கிறது" என்று ராத்திரி ராத்திரியாகப் புழுங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய விடுதலை. அடுத்த மாதம் அந்த அறிக்கைக்கு என் பங்கை மூன்று நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். திட்டு நிற்கவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது.

இந்த நோட்டை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து, ஒரே நாளில் உங்கள் கைவிட்டுப் போகலாம். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் ஆதாரம் என்று சொல்லி வெளியே எடுத்துப் போகாதீர்கள். பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பிவிடும். பேச்சைப் போனில் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம்கூடச் சட்டம் மாறும். சட்டம் தெரிந்தவரிடம் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எது நியாயமான குறை, எது இல்லை

இது கொஞ்சம் கசக்கும். புதிதாக வந்தவர்களிடம் உண்மையிலேயே தவறுகள் இருக்கும். தொனி கடுமையாக இருக்கிறது என்பதற்காகச் சொன்ன விஷயமே பொய் என்றாகிவிடாது. நோட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: "இதையே நான் மதிக்கும் ஒருவர் மென்மையாகச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா?" ஆம் என்றால் அதை எடுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். என் கூட்டல் தவறு அப்படிப்பட்டதுதான். அதன் பிறகு எண்களை அனுப்பும் முன் இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பது வழக்கமானது. "எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்" என்ற வரியில் திருத்திக்கொள்ள எதுவுமில்லை. அதைச் சுமக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம், உங்கள் மேனேஜர் எந்த வகை என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஒவ்வொரு சின்ன விஷயத்திலும் மூக்கை நுழைப்பவர், மணிக்கொரு தரம் "எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்பவர் பெரும்பாலும் பயந்தவர். தனக்குத் தெரியாமல் ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம். இவரிடம் விலகிப் போனால் இன்னும் நெருங்கி வருவார். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். காலையில் மூன்று வரி, மாலையில் மூன்று வரி: என்ன முடிந்தது, என்ன நடக்கிறது, எங்கே தடை. இரண்டு வாரம் விடாமல் செய்தால் அவர் கேட்பது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தெளிவாகச் சொல்லாமல், பிறகு "நான் சொன்னது இது இல்லையே" என்பவர் இன்னொரு வகை. வாய்ப்பேச்சாக ஒரு வேலையைக் கொடுத்த அரை மணி நேரத்துக்குள் நாலு வரி மெயில் அனுப்புங்கள்: "இப்போது பேசியதில் நான் புரிந்துகொண்டது: விற்பனை விவரம் மட்டும், கடந்த மூன்று மாதத்துக்கு, வியாழன் மாலைக்குள். ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்." பணிவாகவும் இருக்கிறது, பதிவாகவும் இருக்கிறது. அவருக்கே மறந்துபோயிருந்தால் அவருக்கும் உதவி.

நம் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொள்பவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை. வேலையை அனுப்பும்போது சம்பந்தப்பட்ட மற்றவர்களையும் மெயிலில் சேர்ப்பது, மீட்டிங்கில் "நான் தயாரித்த இந்தப் பட்டியலில்" என்று இயல்பாகச் சொல்வது, இவை போதும். கத்துபவருக்கு முதல் படியில் சொன்னதுதான். திட்டமிட்டு ஒருவரை ஒதுக்குபவர், மிரட்டுபவர், சாதி, மதம், பால், உடல் இவற்றைச் சொல்லிப் பேசுபவர், தொடுபவர்: இவரைச் சமாளிப்பது உங்கள் வேலை இல்லை. நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

நாலாம் படி: நேரில் பேசுவது

பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் சாதாரணக் கடுமை உள்ள மேனேஜரிடம் ஒரு முறையாவது நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தன் பேச்சு எதிரில் இருப்பவரை என்ன செய்கிறது என்று உண்மையிலேயே தெரியாதவர்கள் நிறையப் பேர்.

திட்டு விழுந்த நாளில் பேசாதீர்கள். நோட்டைப் பார்த்து, அவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். "நாளைக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்குமா சார்? என் வேலையை எப்படி இன்னும் சரியாகச் செய்வது என்று பேச வேண்டும்" என்று நேரம் கேளுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். மனதில் பத்துக் குறை இருக்கும். பத்தையும் கொட்டினால் அவர் தற்காப்பில் இறங்குவார், ஒன்றும் தேறாது.

"நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். நடந்தது, அதனால் வேலைக்கு என்ன ஆகிறது, என்ன வேண்டும், இந்த வரிசையில் சொல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அறிக்கைத் தவறைச் சொன்னீர்கள் சார். தவறு என்னுடையதுதான், திருத்திவிட்டேன். ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லும்போது பதறிவிடுகிறேன், அன்றைக்கு முழுக்க வேலை ஓடுவதில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் உடனே சரிசெய்துவிடுவேன்." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டாம், அவர் பேசட்டும்.

வேலைப் பளுதான் பிரச்சினை என்றால் "முடியாது" என்று சொல்வதற்குப் பதில் பட்டியலைக் காட்டுங்கள். கையில் இருக்கும் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம், இருக்கும் நேரம். "இந்த மூன்றில் இரண்டை இன்றைக்குள் முடிக்க முடியும். எந்த இரண்டு முதலில் வேண்டும் சார்?" முடிவு அவருடையதாகிறது, பொறுப்பும் அவருடையதாகிறது.

ஐந்தாம் படி: வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போகாமல் இருப்பது

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் மனம் அவர் அறையிலேயே நின்றுகொண்டிருக்கும். அவர் சொன்னதற்கு நாம் சொல்லாமல் விட்ட பதிலை நூறு முறை மனதில் ஒத்திகை பார்ப்போம். வேலை நேரம் முடிந்த பிறகு மனம் வேலையிலிருந்து விலகாதவர்களுக்குக் களைப்பும் தூக்கக் கேடும் அதிகம் என்பதை சபீனே சொன்னென்டாக் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

விலகு என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. ஒரு வழி உண்டு. முடிக்காமல் விட்ட வேலைதான் மனதில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதிவிட்டாலே அந்தத் தொந்தரவு குறைகிறது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, நாளை காலை முதலில் செய்ய வேண்டியதை எழுதுங்கள். "அறிக்கை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. "காலை 9.30, அறிக்கையின் இரண்டாம் பக்க எண்களைச் சரிபார்ப்பது" என்று எழுதுங்கள். எழுதிய தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். மடிக்கணினியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

அலுவலகச் செய்திகளின் ஒலியை இரவில் அணைத்துவிடுங்கள். "உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் போன் வராது.

வீட்டில் இருப்பவர்களிடம் கொட்டுவது நல்லதுதான். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் அது மருந்தாக இருப்பதில்லை, அதே நாளை இரண்டாவது முறை வாழ்வதாகிவிடுகிறது. நடை, உடற்பயிற்சி, விளையாட்டு, பாட்டு என்று உடம்பையோ கையையோ ஈடுபடுத்தும் எதுவும் மனத்தை வேறு பக்கம் திருப்பும். நம்பகமான ஒரு சக ஊழியரோ, அதே துறையில் கொஞ்சம் அனுபவம் உள்ள வெளி ஆளோ இருந்தால் அவர்களிடம் யோசனை கேளுங்கள். டீம் குழுவில் மேனேஜரைக் கிண்டல் செய்து எழுதாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாரோ ஒருவர் அனுப்பினால் அடுத்த நிமிடம் அவர் கையில் இருக்கும்.

ஆறாம் படி: புகார்

பேசியும் மாறவில்லை, அல்லது நடப்பது துன்புறுத்தல்தான் என்றால் மேலே கொண்டுபோக வேண்டும். வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாமல் இருப்பது ஒவ்வொருவரின் உரிமை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஓர் ஒப்பந்தமே கொண்டுவந்தது. அதன் எண் 190, 2021இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகளை எடுத்துப் படியுங்கள். யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். சில வகைப் புகார்களுக்குக் காலக்கெடு உண்டு.

ஹெச்ஆர் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள்; நிறுவனத்தைப் பாதுகாப்பதும் அவர்கள் வேலை. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், தயாராகப் போங்கள். புகார் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மூன்று அல்லது நாலு சம்பவங்கள், தேதியோடு, சொன்ன வார்த்தைகளோடு, பார்த்தவர்களோடு. "அவர் மோசமானவர்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: டீம் மாற்றமா, விசாரணையா, வேறு ஒருவரிடம் ரிப்போர்ட் செய்வதா. வாய்மொழியாகப் பேசினாலும் பிறகு மெயிலில் எழுதி அனுப்புங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். தனியாகப் போவதைவிடப் பலம் அதிகம்.

உடம்பு சொல்வதைக் கேட்பது

இதற்கு எண் போடவில்லை, எந்தப் படியில் இருந்தாலும் இது கூடவே வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் வேலையால் வரும் முழுச் சோர்வு நிலைக்கு (பர்ன்அவுட்) மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: தீராத களைப்பு, வேலைமீது விலகலோ வெறுப்போ, வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். நெஞ்சு வலி வந்தால் "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நெருங்கியவர், டாக்டர், தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி. வேலையைப் பற்றிய எல்லா முடிவும் அதற்குப் பிறகு.

ஏழாம் படி: விட்டுப் போவது

எல்லாம் செய்து பார்த்த பிறகும் மாறாத இடங்கள் உண்டு. அங்கிருந்து போவது தோல்வி இல்லை. ஆனால் திட்டு வாங்கிய மாலையில் ராஜினாமா எழுதாதீர்கள். முதலில் அதே நிறுவனத்தில் வேறு டீமுக்கு மாற வழி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் சில மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டு, வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுங்கள். உடம்பு தாங்கவில்லை என்றால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெளியே வாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அனுபவச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். நேர்காணலில் ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் பழைய மேனேஜரைப் பற்றிப் பேச வேண்டாம். புதிய வேலையில் என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று சொன்னால் போதும்.

நான் ஏழு மாதம் கழித்து வேறு டீமுக்கு மாறினேன். புதிய மேனேஜர் முதல் வாரத்தில் "ஒரு நிமிடம் வர முடியுமா?" என்று செய்தி அனுப்பினார். அவர் நல்ல மனிதர். இருந்தும் என் கை சில்லிட்டது. அந்தப் பழக்கம் போக மாதக்கணக்கில் ஆனது. உங்களுக்கும் அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். கூப்பிடும்போது விஷயத்தையும் ஒரு வரி சேர்த்து அனுப்ப முடியுமா என்று புதியவரிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்றார் அவர். அடுத்த முறை வந்த செய்தி: "வாங்க, மாத அறிக்கையின் மூன்றாம் பக்கம் பற்றி."